சுடுமல்லி பந்திக்கு வந்த கதை

அந்தக் காலத்தில் செடிகளும் புல்லும் நம்மைப் போலவே பேசிக்கொண்டிருந்தன. போதும் போதும் என்கிற அளவுக்குப் பேசின. மேய்ச்சல் காட்டில் நடக்கிறவர்கள் பத்துப் புல்லுக்காவது பதில் சொல்லாமல் ஓடை வரைக்கும் போய்ச் சேர முடியாது.

அந்தக் காட்டோரம் சடச்சி என்றொருத்தி தனியாகக் குடியிருந்தாள். அவளிடம் ஒரு சுடுமல்லிச் செடி இருந்தது. பஞ்சத்தில் சுடுமல்லியெல்லாம் கருகிப்போக, மிஞ்சிய ஏழு விதையில் முளைத்தது இது ஒன்றுதான். இதுவும் போய்விட்டால் அந்த வெள்ளைப் பூவை இனி யாரும் பார்க்க முடியாது.

அதனால் சடச்சி வாசலுக்கு எதிரே வட்டமாகப் புல் செதுக்கி, நடுவில் அதைக் கல்யாணப் பெண் மாதிரி உட்காரவைத்திருந்தாள். ஆட்டு எரு போட்டாள். கஞ்சித்தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் ஊற்றினாள். செடியோ நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டே வந்தது.

"வேர் என்னத்துக்கு இருக்கு உனக்கு? உறிஞ்சித் தொலையேன்."

"பசிக்கல."

"நேத்தும் இதையேதான் சொன்ன."

"நேத்தும் பசிக்கல."

"மீன் தண்ணி பிடிக்கலையா?"

"நல்லாத்தான் இருக்கு. நீயே குடிச்சுக்கோ."

சடச்சியும் நின்றவாக்கில் நாலு வாய் கஞ்சி குடித்துவிட்டுச் சட்டியைக் கவிழ்க்கிறவள்தான். கேட்க ஆளில்லாததால் அது ஒரு குறையாக அவளுக்குத் தோன்றியதில்லை.

வட்டத்தின் விளிம்பில் ஒரு கொழுக்கட்டைப் புல் நின்றது. பேருக்கேற்ற உடம்பு. மழை விட்ட ஒரு காலையில் அது மண்ணில் வேரை விட்டு ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எதிரே சுடுமல்லி பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். சாப்பிடும்போது யார் கண்ணில் பட்டாலும் "வாங்க, சாப்பிடலாம்" என்று சொல்லியாக வேண்டும். கூப்பிடப்பட்டவர் வயிறு ஒட்டிக் கிடந்தாலும் "இப்பத்தான் ஆச்சு" என்று சொல்லியாக வேண்டும். தனி வட்டத்தில் வளர்ந்த சுடுமல்லிக்கு இந்த இரண்டாம் பாதியை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"வாம்மா, ஒரு வாய் சாப்பிடலாம்," என்றது புல்.

"சரிங்க மதினி."

சுடுமல்லி மண்ணுக்கடியில் வேரை நீட்டியது. தனி இலை போடுகிற வரைக்கும் பொறுக்கவில்லை. புல்லின் வேரையே கவ்வி, அதன் தட்டிலேயே கையை வைத்தது.

புல் பதறிப்போய்ச் சடச்சியைக் கூப்பிட்டது. "அக்கா, இது என்ன கூத்து? நான் பேச்சுக்குக் கூப்பிட்டேன்."

சடச்சி குனிந்து பார்த்தாள். தொங்கிக் கிடந்த இலை நிமிர்ந்துகொண்டிருந்தது. "கூப்பிட்டது நீதான?"

"கூப்பிட்டா வந்துடுறதா? உங்களையும்தான் தினம் கூப்பிடுறேன். ஒரு நாளாவது வந்தீங்களா?"

சடச்சி கவிழ்த்து வைத்திருந்த கஞ்சிச்சட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கும் வரட்டுமா மதினி?" என்றது சுடுமல்லி, வாய் நிறைய.

புல்லுக்கு வேண்டாம் என்கிற சொல் தொண்டை வரை வந்தது. ஆனால் பந்தியில் உட்கார்ந்தவளை எழுப்பிவிட்டாள் என்று பேச்சாகிவிடுமே. ஓடைக்கரை நாணல் ஒன்று போதும், ஊரெல்லாம் சொல்லிவிடும்.

"அதுக்கென்ன, வா," என்றது பல்லைக் கடித்துக்கொண்டு.

புல்லின் மனசு மாறுவதற்குள் சடச்சி களைக்கொத்தை எடுத்து வந்தாள். பின்னிய இரண்டு வேரின் மேலும் ஒரே மண்ணை இழுத்துப் போட்டு, காலால் அழுத்தி மிதித்தாள். பிறகு கஞ்சிச்சட்டியைக் கொண்டுவந்து பக்கத்திலேயே உட்கார்ந்து முழுதாகக் குடித்தாள்.

எட்டாம் நாள் சுடுமல்லி வெள்ளை வெளேரென்று பூத்தது. புல் பாதியாகியிருந்தது.

"என்ன மதினி, இளைச்சுட்டீங்க? ஒழுங்காச் சாப்பிடுறதில்லையா?" என்று சுடுமல்லி அக்கறையாக விசாரித்தது.

அன்று பிடித்த வேரைச் சுடுமல்லி இன்றுவரை விடவில்லை. தனியாகத் தொட்டியில் வைத்து எரு போட்டுச் சீராட்டினால் முகம் காட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிடும். புல்லுக்கு நடுவே மண்ணைக் கீறி விதையைத் தூவிவிட்டுப் பேசாமல் இருந்தால் பூக்கும். அதன் பக்கத்தில் நிற்கிற புல் மட்டும் அன்று முதல், கூப்பிட்ட வாயை நொந்துகொண்டு, குட்டையாகவே நிற்கிறது.