இறக்குற அடி

யாரும் வரவில்லை.

தணிகாசலம் தோலைக் கிழித்துவிடுகிற மாதிரி பம்பையை அடித்தான். ஏரிக்கரையில் வெயில் ஏறிவிட்டது. கரகச் சொம்பில் சுற்றிய பூ வாட ஆரம்பித்தது. சொந்தக்காரர்கள் சுற்றி நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யார் மேலும் எதுவும் இறங்கவில்லை.

"இன்னும் வேகமா போவட்டா?"

உடுக்கையோடு பாடிக்கொண்டிருந்த அஞ்சலை பாட்டை நிறுத்தாமல் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம்.

அவன் வேகமாகப் போனான்.

மறுநாள் அவன் தம்பி குமரேசனுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் அந்த வீட்டில் செத்துப்போனவர்களைக் கூப்பிட வேண்டும். பம்பையும் உடுக்கையும் அடித்துப் பாடினால் அவர்கள் வீட்டு ஆள் யார் மேலாவது வந்து இறங்குவார்கள். கேட்டதைக் கொடுத்து, மாப்பிள்ளைக்குத் திருநீறு வாங்கி, திரும்ப அனுப்பிவிட வேண்டும். அதற்குப் பூவாடை என்று பேர்.

அந்த வீட்டில் செத்தவர்கள் நிறைய பேர். தணிகாசலத்துக்கு வேண்டியது ஒரே ஆள். மகள் தர்ஷினி. நாலாம் வகுப்பில் காய்ச்சல் வந்து போனவள்.

*

அஞ்சலைதான் அவனுக்கு வாத்தியார். அவனைவிடப் பத்து வயது சின்னவள். அவளுடைய அப்பாவுக்குக் கை விழுந்த பிறகு உடுக்கையை அவள் எடுத்துக்கொண்டாள். பொம்பளை உடுக்கை அடிப்பதா என்று கேட்டவர்கள் எல்லாம் இப்போது அவளிடம்தான் தேதி கேட்டு நிற்கிறார்கள்.

தணிகாசலம் அதற்கு முன்னால் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் வாசித்தான். மகள் போன பிறகு டிரம்ஸ் செட்டைப் போர்வை போட்டு மூடிவிட்டு அஞ்சலை வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"என்னாண்ணே, எதுக்கு வந்த?"

"பம்பை கத்துக்க."

"பொய் சொல்லாத."

"ஒருத்தியக் கூப்பிடணும்."

அவள் பம்பையை எடுத்து அவன் இடுப்பில் கட்டினாள்.

ஒரு நாள் அவன் கேட்டான்.

"வாத்தியாரே, வர்றது நெசமாவே வருதா? இல்ல நம்ம அடிக்கு ஆடுறாங்களா?"

"ஏன் கேக்குற?"

"மேடையில நானும் இதத்தான பண்ணேன். பாட்டு ஒண்ணுதான். மெதுவா அடிச்சா அழுவாங்க. ஸ்பீடு ஏத்துனா கெழவன்கூட எந்திரிச்சு ஆடுவான். அது என்னா சாமியா?"

"அப்புறம்?"

"அப்புறம் என்னா? கடைசில ஒரு உருட்டு உருட்டி சிம்பல்ல ஒரு அடி. முடிஞ்சுது."

"முடிஞ்சுதா?"

"கைதட்டுவாங்களே."

அஞ்சலை செருப்பைக் கழற்றினாள். "அடி. நான் நடக்குறேன்."

அவன் அடித்தான். அவள் அந்த அடிக்குக் கரை மேல் நடந்தாள். அவன் வேகம் ஏற்றினான். அவளும் ஏற்றினாள். இன்னும் ஏற்றினான். அவள் முடி அவிழ, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. மேடையில் செய்கிற மாதிரி ஒரு உருட்டு உருட்டி வெடுக்கென்று நிறுத்தினான்.

அவள் குப்புற விழுந்தாள்.

நடிப்பு இல்லை. முழங்கால் தோல் உரிந்து சரளைக்கல் உள்ளே ஒட்டியிருந்தது. ரத்தம் கணுக்கால் வரைக்கும் ஓடியது.

"ஐயோ, நிக்க வேண்டியதுதான?"

"அடி நின்னுடுச்சு. காலு நிக்கல."

"உன் காலுதான?"

"நீ கையில வச்சிருந்த." அவள் கல்லைப் பிடுங்கி எறிந்தாள். "நெசமா பொய்யான்னு கேட்டியே. இந்த ரத்தத்தப் பாத்துட்டு நீயே சொல்லு."

அவன் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"பிள்ளையத் தட்டித் தூங்க வச்சிருக்கியாண்ணே?"

"வச்சிருக்கேன்."

"தூங்குனதும் கைய வெடுக்குனு எடுப்பியா?"

"எடுத்தா முழிச்சுக்கும்."

"அப்ப எப்புடி எடுப்ப? காட்டு."

அவன் தன் தொடையில் தட்டிக் காட்டினான். தட்டு. கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. இன்னும் கொஞ்சம் விட்டு, இன்னும் மெதுவாக. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் இடம் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் கை தட்டவில்லை. சும்மா மேலே இருந்தது. பிறகு அதுவும் எழுந்தது.

"வந்தவங்கள அனுப்புறப்ப அதான் இறக்குற அடி," என்றாள். "உனக்கு ஏற்கெனவே தெரியுது."

மற்ற வீடுகளில் அவன் அதை நன்றாக அடித்தான். இதில் பொய் இல்லை. வந்தவர்கள் எல்லாம் அழகாகப் போனார்கள். ஆடியவர்கள் விழாமல், தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்கள். ஊரில் பேர் ஆகிவிட்டது.

ஆனால் அது அடுத்தவன் வீடு.

தம்பி கல்யாணம் என்று தெரிந்ததும் அஞ்சலை சொன்னாள். "சொந்த வீட்டுக்கு அடிக்கக் கூடாது. வேற ஆளக் கூட்டிக்கிறேன்."

"நான்தான் அடிப்பேன்."

"வேணாண்ணே."

"இதுக்குத்தான வந்தேன் உங்கிட்ட. இல்லாட்டி எனக்கு எதுக்கு இந்தப் பம்பை?"

"நான் இறக்குன்னா இறக்கணும்," என்றாள்.

"சரி."

"அப்ப பேச்சு மாறக் கூடாது."

"சரின்னு சொன்னேன்ல."

*

வேகத்துக்கு ஒரு பலன் வந்தது. ராஜாமணி அத்தை தலையை விரித்துப்போட்டு ஆட ஆரம்பித்தாள்.

"யாரு வந்திருக்கிறது?" என்று அஞ்சலை கேட்டாள்.

"நாந்தாண்டி! பெரியவரு! உங்க தாத்தன்!"

"வாங்க. என்னா வேணும்?"

"பட்டுப் பொடவ."

கூட்டத்தில் ஒருவன் சொன்னான். "தாத்தா, மேல போயி பொடவ கட்ட ஆரம்பிச்சிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டு நிழலுக்குப் போனாள். "வெயிலு. தல சுத்திடுச்சு, அதுக்குப் போயி சிரிக்கிறானுவ."

தணிகாசலத்துக்கு அழுகை வந்தது. கை வலித்தது. இன்னும் வேகம் ஏற்ற இடமே இல்லை.

அஞ்சலை பக்கத்தில் வந்தாள். "நாலை விடு. மூணுக்கு வா."

"வேகம்?"

"பாதி."

"பாதியா? இவ்ளோ ஏத்துனதுக்கே யாரும் வரல."

"எவ்ளோ நேரமா கதவ இடிச்சிக்கிட்டு நிக்கிற. உள்ள இருக்கிறது சின்னப் பிள்ளைண்ணே."

அவன் மாற்றினான். நாலு என்பது நடக்கிற அடி. மூணு தூளி ஆடுகிற அடி. பாட்டு அதே பாட்டுதான், வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் இவ்வளவு நேரம் அதிகாரமாகக் கேட்ட பாட்டு இப்போது கெஞ்சுகிற மாதிரிக் கேட்டது. நின்றிருந்த கூட்டம் மொத்தமும் தெரியாமலே லேசாக ஆடியது.

பின்னால் வேப்ப மரத்தடியில் அவன் மனைவி தெய்வானை உட்கார்ந்திருந்தாள். மகள் போனதிலிருந்து அவள் அழுததும் இல்லை, பம்பைப் பக்கம் வந்ததும் இல்லை. அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறுபக்கம் சாய்ந்தது. எழுந்தாள். கூட்டம் வழிவிட்டது.

"அப்பா," என்றாள். குரல் சின்னதாக இருந்தது.

"யாரு கண்ணு வந்திருக்கிறது?" என்று அஞ்சலை கேட்டாள்.

"தர்ஷினி. நாலாங்கிளாஸ். பி செக்‌ஷன்."

ராஜாமணி அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னாடா வேணும் உனக்கு?"

"பாலைஸ்."

காய்ச்சலில் கிடந்தபோது கேட்டது அதைத்தான். காய்ச்சல் விட்டதும் வாங்கித் தருகிறேன் என்று தணிகாசலம் சொல்லியிருந்தான். காய்ச்சல் விடவில்லை.

"வாங்கியாரச் சொல்லுங்க!" என்று அவன் கத்தினான். "யாராவது போங்கடா!"

மாப்பிள்ளையே மஞ்சள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

ஐஸ் வருகிறவரைக்கும் அவளை நிறுத்தி வைக்க வேண்டும். தணிகாசலம் மூணில் நின்றான். அவள் ஆடினாள். அப்பா என்று மறுபடியும் கூப்பிட்டாள். அவன் அடித்துக்கொண்டே ம், ம் என்றான். வேறு எதுவும் அவன் வாயில் வரவில்லை. இவ்வளவு நாளாகப் பேச எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தான். எல்லாம் வீண்.

"ஓடுறண்ணே," என்றாள் அஞ்சலை.

உண்மைதான். கை தானாக வேகம் ஏறியிருந்தது. தெய்வானையும் வேகமாக ஆடினாள். சரளைக்கல்லில் அவள் குதிகால் கிழிந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

குமரேசன் வந்தான். பாதி உருகிய பாலைஸ். அஞ்சலை அதை வாங்கி அவள் கையில் கொடுத்தாள். அவள் ஆடிக்கொண்டே சப்பினாள். பால் முழங்கை வரைக்கும் வழிந்தது. சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஆம்பளைகள்கூட அழுதார்கள். பிறகு திருநீற்றைத் தொட்டுச் சித்தப்பா நெற்றியில் கோணலாக இழுத்தாள்.

வேலை முடிந்துவிட்டது. ஐஸ் குச்சி மட்டும் அவள் கையில் இருந்தது.

அஞ்சலை வெற்றிலையில் கற்பூரத்தை எடுத்து வைத்தாள்.

"இறக்கு."

அவன் இறக்கவில்லை.

"அண்ணே. இறக்கு."

"இன்னும் கொஞ்ச நேரம்."

"ஐஸ் சாப்புட்டாச்சு."

"இன்னொண்ணு வாங்கியாரச் சொல்லு."

"அண்ணி ஒடம்பப் பாரு."

அவன் பார்த்தான். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. தெய்வானையின் உதடு வெளுத்திருந்தது. கண் மேலே போயிருந்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது. அவள் ஏற்கெனவே மெலிந்த உடம்பு. ஆனால் அவன் குறைத்தால் அங்கே நிற்பது தெய்வானை மட்டும்தான். அதுவும் அவனுக்குத் தெரியும்.

"அண்ணன் கையில இருக்கிற பம்பைக் குச்சியப் புடுங்குங்கடா!" என்று குமரேசன் பாய்ந்தான்.

அஞ்சலை கையை நீட்டித் தடுத்தாள். "புடுங்காத. வெடுக்குனு நின்னா உங்க அண்ணி விழுவா. விழுந்தா எந்திரிக்க மாட்டா."

"அப்ப நீ ஏதாவது பண்ணு!"

"என் கையில இல்ல."

யாரும் கிட்டே போகவில்லை. அவள் உடுக்கையை மட்டும் மெதுவாக்கிப் பார்த்தாள். பம்பை அதை மிதித்துக்கொண்டு போனது.

அப்போது சின்னக் குரல் வந்தது.

"மெதுவாப்பா."

அவன் கை ஒரு நொடி தடுமாறியது. வண்டியில் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வரும்போது மகள் அப்படித்தான் சொல்வாள். புரோகிராமுக்கு நேரமாகிவிட்டது என்று அவன் முறுக்குவான். அவள் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

"மெதுவாப்பா. பயமா இருக்கு."

"அப்பா இருக்கேன்ல," என்றான். வேகம் குறையவில்லை.

அஞ்சலை பாட்டை விட்டுவிட்டாள். அவன் முன்னால் வந்து நின்றாள். முழங்காலில் பழைய தழும்பு புடவைக்குள்தான் இருந்தது. அவள் அதன் மேல் ஒரு முறை கை வைத்தாள்.

"வாத்தியாரே," என்று அவன் அழுதான். அடித்துக்கொண்டே அழுதான். "இறக்குனா இவ எங்க போவா?"

கூட்டம் மொத்தமும் அஞ்சலை வாயைப் பார்த்தது.

"தட்டிக் குடுண்ணே," என்றாள் அஞ்சலை. "பிள்ளைக்குத் தூக்கம் வந்துடுச்சு."

அந்த அடி அவனுக்குத் தெரியும். அந்தக் கைதான் தினமும் தட்டியது.

தணிகாசலம் தட்டிக் கொடுக்கவில்லை. வேகம் குறையாமல் அடித்துக்கொண்டே இருந்தான்.