ஏழிலிருந்து பன்னிரண்டு வரை

ஆண்டுக்கு ஒருநாள், காலை ஒன்பது மணியிலிருந்து இருபது நிமிடம், நான்ஷி ஊர் வாயை மூடிக்கொள்ளும்.

அன்று மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத் தேர்வு. முதலில் கேட்டல், பிறகு வாசித்தல். கேட்டல் நடக்கும்போது பேருந்துகள் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். தகரக்கடைக்காரர் சுத்தியலைக் கீழே வைப்பார். நூடுல்ஸ் கடையில் மாவை மேசையில் அடிக்க மாட்டார்கள். வாத்துக்காரி ஒருத்தி தன் வாத்துகளைக் கூடையோடு தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்திருப்பாள். "என் வாத்துக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் எதையாவது சொல்லிவைக்கும்" என்பாள்.

இப்போது ஆளுக்கொரு ஹெட்போன் வந்துவிட்டது. யாரும் வாயை மூட வேண்டியதில்லை. இது கேசட் காலத்தில் நடந்தது. கரும்பலகைக்கு மேலே ஒரு மரப்பெட்டி, அதற்குள் ஸ்பீக்கர். நாடா தொளதொளத்துப் போனால் பென்சிலை விட்டுச் சுற்றி இறுக்குவார்கள். ஒரு சொடுக்குச் சத்தம், கொஞ்சம் இரைச்சல், அப்புறம் ஒரு பெண்குரல் "குட் மார்னிங்" என்று சொல்லும். ஒவ்வோர் அறையிலும் நாற்பது பிள்ளைகள் மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள்.

அந்தக் குரல் ஷென் டீச்சருடையது. அன்றைக்குப் பத்தொன்பது வருடங்களுக்கு முன் அவரும் அவர் கணவரும் வீட்டில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்த கேசட் அது. மொத்தம் இருபது துண்டுப் பேச்சு. வானொலி நிலையத்திலிருந்து எந்திரத்தை அரைநாளுக்கு இரவல் வாங்கி, பகல் பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் போவதற்குள், நடுவில் ஒருமுறைகூட நிறுத்தாமல் பேசி முடித்தார்களாம். கடைசி எட்டுத் துண்டும் கணவர் மட்டும் பேசியது. பள்ளியில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். கேசட் பூட்டிய அலமாரியில் இருக்கும். ஒரு பிள்ளை அதைத் தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் கேட்கும். துண்டுக்கு ஒன்றாக இருபது கேள்விகளை மட்டும் ஆண்டுதோறும் புதிதாக எழுதுவார்கள்.

கேசட் ஓடும் இருபது நிமிடமும் ஷென் டீச்சர் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பார். கணவர் காலமாகி நான்கு வருடம். அந்தக் குரலைக் கேட்க முடியாமல்தான் போகிறார் என்று மற்ற ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

அந்த ஆண்டு கேள்வி எழுதியவன் தாவோ ஜுன். வேலைக்கு வந்து இரண்டு வருடம். புதிதாக வரும் ஆசிரியரை அனுபவமுள்ள ஒருவரிடம் சீடனாக எழுதிக் கொடுத்துவிடுவது அங்கே பள்ளிக்கூட வழக்கம். தாவோவை ஷென்னிடம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் எல்லா ஆசிரியரையும் 'லாவோஷி' என்று அழைப்பார்கள். சீடன் தன் குருவை 'ஷிஃபு' என்று அழைப்பான்.

தேர்வுக்கு மறுநாள் மதியம் தாவோ ஒரு விடைத்தாளோடு ஆசிரியர் அறைக்கு ஓடி வந்தான். ஷென் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

"ஷிஃபு, ஒருத்தி காப்பி அடித்திருக்கிறாள்."

"யார்?"

"மியாவ் சின்லான்."

"செங்கல் சூளையிலிருந்து நடந்து வருகிற பெண்ணா?"

"அவளேதான். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடட்டுமா?"

முதல் முப்பது பேருக்குத் தனி வகுப்பு. நான்ஷியில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் அந்த வகுப்பிலிருந்துதான் போவார்கள். மற்றவர்கள் ஒரு வருடத்தில் தொழிற்சாலைக்கோ சூளைக்கோ போய்விடுவார்கள். காப்பி அடித்தவருக்கு மறுதேர்வும் கிடையாது. பட்டியல் மாலை ஐந்து மணிப் பேருந்தில் மாவட்ட அலுவலகத்துக்குப் போயாக வேண்டும்.

"தாளை வாசி" என்றார் ஷென்.

"இதில் வாசிக்க என்ன இருக்கிறது? ஏ, பி, சி என்று கட்டம் கட்டமாக இருக்கிறது."

"பிள்ளைகளுக்கு வாசித்தல் தேர்வு வைத்தாயே. நீ தேறுகிறாயா, பார்ப்போம்."

தாவோ வாசித்தான்.

"கேட்டலில் ஒன்றிலிருந்து ஆறு வரை சரி. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை ஒன்றுமே எழுதவில்லை. பதிமூன்றிலிருந்து இருபது வரை எல்லாம் சரி. வாசித்தல் நாற்பதுக்கு நாற்பது."

"இதிலிருந்து உனக்கு என்ன தெரிகிறது?"

"ஏழிலிருந்து பன்னிரண்டு வரை பச்சைக் குழந்தைக்குக்கூட வரும், ஷிஃபு. குடை என்ன விலை, ரயில் எத்தனை மணிக்கு. அதில் ஒன்றுகூட வராதவளுக்குக் கடைசியில் வரும் வானிலை அறிக்கை மட்டும் எப்படி வந்தது? பக்கத்து பெஞ்சில் வகுப்பிலேயே முதல் மாணவன். பார்த்து எழுதியிருக்கிறாள்."

விதைத் தட்டில் ஷென்னின் கை அப்படியே நின்றது.

"ஏழிலிருந்தா?"

"ஏழிலிருந்து."

"பன்னிரண்டு வரைக்குமா?"

"ஆமாம், ஷிஃபு."

ஷென் அலமாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கேசட்டைப் போடு."

தாவோ போட்டான். ஷென் எழுந்து கதவுவரை போனார். கதவைத் திறக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பன்னிரண்டாவது துண்டு முடிந்ததும் கேட்டார். "என்ன காதில் விழுந்தது?"

"குடை ஆறு டாலர். ரயில் நாலே காலுக்கு. சட்டை நீல நிறம்."

"மறுபடி போடு."

மறுபடி போட்டான்.

"இப்போது?"

"குடையில் ஒரு கம்பி உடைந்திருக்கிறது. அதனால் ஒரு டாலர் குறைக்கச் சொல்கிறீர்கள். உங்கள் உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது, ஷிஃபு."

"என் உச்சரிப்புக்கு நீ மதிப்பெண் போட வேண்டாம். மறுபடி போடு."

மூன்றாவது முறையும் ஓடி முடிந்தது. தாவோ கடிகாரத்தைப் பார்த்தான்.

"கேள்வி எழுதும்போதே முப்பது முறை கேட்டுவிட்டேன், ஷிஃபு. இதில் இதற்கு மேல் ஒன்றும் கிடையாது."

"அப்படியானால் அந்தப் பெண்ணைக் கூட்டி வா."

சின்லான் வந்தாள். வாசலிலேயே இரண்டு காலையும் சேர்த்துவைத்து நின்றாள். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று வழியிலேயே தெரிந்திருந்தது.

"நான் காப்பி அடிக்கவில்லை, லாவோஷி."

"அதை இப்போது யார் கேட்டார்கள்? உட்கார்."

கேசட் ஏழாவது துண்டிலிருந்து ஓடியது. சின்லானின் முகம் மாறியது. தாவோ அதைப் பார்த்தான். குற்றம் செய்த முகம் என்று நினைத்தான்.

"என்ன கேட்கிறது?" என்றார் ஷென்.

பெண் தாவோவை ஓரக்கண்ணால் பார்த்தாள். "சொன்னால் லாவோஷி திட்டுவார்."

"அவன் திட்டினால் அவனை நான் திட்டுகிறேன். சொல்."

"குழந்தை அழுகிறது."

தாவோ சிரித்துவிட்டான். ஜன்னலை எட்டிப் பார்த்தான். "எங்கே? தெருவிலா?"

"தெருவில் இல்லை, லாவோஷி. உள்ளேதான். குடைக்குப் பின்னால்."

தாவோ நாடாவைப் பின்னால் ஓட்டினான். காதை டேப் ரெக்கார்டர்மேல் வைத்தான்.

ஷென்னின் குரல் குடையின் விலையைக் கேட்டது. அந்தக் குரலுக்குப் பின்னால், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், கைக்குழந்தை ஒன்று அழுதது. நூல் மாதிரி ஒரு சத்தம். இழுத்து அழும், பிறகு நின்றுவிடும். பிள்ளை வளர்த்தவர்களுக்கு அந்த நின்றுபோகிற இடம் தெரியும். அடுத்த மூச்சுக்குக் காது கொடுத்துக் காத்திருப்பார்கள். வந்தது. மறுபடி அழுதது.

தாவோ நான்காவது முறை போட்டான், ஐந்தாவது முறை போட்டான். இப்போது அவனுக்குக் குடை காதில் விழவில்லை.

"எனக்கு ஒரு வயதில் தம்பி இருக்கிறான்" என்றாள் சின்லான். "அம்மா சூளைக்குப் போனால் அவனுக்கு நான்தான். இது பசி அழுகை இல்லை, லாவோஷி. தூங்கி எழுந்து பார்க்கும்போது பக்கத்தில் ஆள் இல்லையென்றால் இப்படி அழும்."

"அதற்கு நீ என்ன செய்தாய்?" என்றார் ஷென்.

"யாராவது தூக்குவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த அம்மா தூக்கவே இல்லை. குடைக்கு விலை பேசுகிறார், ரயிலுக்கு நேரம் கேட்கிறார். போகப்போகக் குரல் மட்டும் அவசரமாக ஓடுகிறது. பன்னிரண்டு முடிந்தது. அழுகையும் நின்றது. அதற்கப்புறம் அந்த அம்மா பேசவில்லை, ஐயாதான் பேசினார். சரி, போய்த் தூக்கிவிட்டார் என்று தெரிந்தது. மறுபடி எழுத ஆரம்பித்தேன்."

கேசட் ஓடிக்கொண்டிருந்தது. இறந்துபோன மனிதர் ஒருவர், வடக்கே நாளை பனி விழும் என்று நிதானமான ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வகுப்புக்குப் போ, பெண்ணே" என்றார் ஷென்.

சின்லான் வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"லாவோஷி, அந்தக் குழந்தை இப்போது எப்படி இருக்கிறது?"

"நன்றாக இருக்கிறாள். தலைநகரத்தில் படிக்கிறாள்."

பெண்ணின் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. ஓடிப்போனாள்.

தாவோ விடைத்தாளைக் கையில் எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான்.

"நான் தப்பாக நினைத்துவிட்டேன், ஷிஃபு. அவள் காப்பி அடிக்கவில்லை. ஆனால் அறுபதுக்கு ஐம்பத்து நாலுதான் வருகிறது. முப்பதாவது ஆள் ஐம்பத்தாறு. அந்த ஆறு கேள்விக்கும் நானே மதிப்பெண் போட்டுவிடட்டுமா?"

"எழுதாத பதிலுக்கா?"

"ஆமாம்."

"போடாதே."

"பிறகு? அவள் சூளைக்குப் போகட்டுமா?"

ஷென் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்து அவன் முன்னால் போட்டார். சத்தப் பதிவேடு. தேர்வு நேரத்தில் ஊர் தவறி வாயைத் திறந்தால் அதில் எழுதிவைப்பார்கள். தாவோ பக்கங்களைப் புரட்டினான். ஒரு வருடம் வாத்து, ஒருமுறை. ஒரு வருடம் தகரக்கடை; கைதவறிச் சுத்தியல் விழுந்தது. ஒரு வருடம் இடி. காரணம் என்ற கட்டத்தில் 'வானம்' என்று எழுதி யாரோ கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

"முதல் பக்கத்தில் விதி இருக்கிறது. வாசி."

"'தேர்வறையில் வேறு சத்தம் எது கேட்டாலும், அது கேட்ட நேரத்துக் கேள்விகள் எவருக்கும் செல்லாது.'"

"ம்."

"அது வெளியிலிருந்து வருகிற சத்தத்துக்குத்தானே, ஷிஃபு?"

"வெளியிலிருந்து என்று எழுதியிருக்கிறதா?"

தாவோ விரலை வைத்து இன்னொரு முறை வாசித்தான். "இல்லை."

"அப்படியானால் எழுது."

அந்த ஆறு கேள்வியும் எல்லோருக்கும் போய்விட்டால், சின்லானின் தாளில் தப்பு என்று ஒன்றுகூட மிஞ்சாது. அது தாவோவுக்கு உடனே தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. அவன் பேனாவைத் திறக்கவில்லை.

"எழுதினால் மாவட்டத்திலிருந்து கேட்பார்கள், ஷிஃபு. இந்தக் கேசட்டை வைத்துப் பத்தொன்பது வருடம் தேர்வு நடத்தியிருக்கிறோம்."

"கேட்கட்டும்."

"இதற்கு முன்னால் யாரும் சொன்னதே இல்லையா?"

"இல்லை."

"ஒரு பிள்ளைகூடவா?"

"மூன்று வருடம் முன்னால் என் மகளும் அந்த வகுப்புப் பெட்டிக்கு அடியில் உட்கார்ந்துதான் எழுதினாள்" என்றார் ஷென். "இருபதுக்கு இருபது."

தாவோ பேனாவைத் திறந்தான்.

இடம் என்ற கட்டத்தில் 'மேல்நிலைப் பள்ளி' என்று எழுதினான். சத்தம் என்ற கட்டத்தில் 'கைக்குழந்தையின் அழுகை' என்று எழுதினான். நேரம் என்ற கட்டத்தில் 'ஏழிலிருந்து பன்னிரண்டு வரை' என்று எழுதினான். தகரக்கடையில் வேலை தொடங்கியிருந்தது. தெருவில் வாத்துகள் போயின.

ஷென் கேசட்டை வெளியே எடுத்தார். நாடா கொஞ்சம் தொளதொளத்திருந்தது. பென்சிலை உள்ளே விட்டு மெதுவாகச் சுற்றினார்.

"காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, ஷிஃபு. என்ன எழுத?"

ஷென் நாடா இறுகும்வரை சுற்றினார்.

"பக்கத்து அறையில்தான் இருந்தேன் என்று எழுது. நான் பேச வேண்டியது இன்னும் ஆறு துண்டு பாக்கி இருந்தது."