கறி கேட்டு வந்த படை

எந்த ராசா, எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள். அரசன் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தால் அது கல்லில் வெட்டியதுபோல் நின்ற காலம். அவ்வளவு தெரிந்தால் போதும்.

அந்தக் காலத்தில் வேலங்காடு என்ற வறண்ட சீமையில் ஒரு கூட்டம் ஆடு வளர்த்துப் பிழைத்தது. அவர்களுக்கு வயல் கிடையாது, தோப்பு கிடையாது, மாடி வீடு கிடையாது. ஆடு உண்டு. ஆட்டை விட அதிகமாக மானம் உண்டு.

அந்தக் கூட்டத்துக்கு மூத்தவள் நாச்சக்காள். பட்டி ஆடுகள் அத்தனையும் அவள் பொறுப்பு. பெரிய தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள். மேகம் கறுத்தால் குட்டிகள் நனையுமே என்று கவலை. வெயில் அடித்தால் தழை காயுமே என்று கவலை. கறுக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை என்றால், இது எதில் கொண்டுபோய் விடுமோ என்று கவலை.

"நீ கண்ணசந்தா வானம் இடிஞ்சு விழுந்துடுமா?" என்று அவள் புருசன் ஆண்டியப்பன் சிரிப்பான்.

"விழுந்தா தாங்குறது யாரு, நீயா?" என்பாள் அவள்.

இப்படி எதற்கெடுத்தாலும் பேச்சு வளரும் அந்த வீட்டில், ஒரு விஷயத்தில் மட்டும் பேச்சே வந்ததில்லை. நாச்சக்காள் கறி தின்பாள். ஆண்டியப்பன் தொடமாட்டான். ஒரே அடுப்பு, இரண்டு சட்டி. அவன் சட்டியை அவள் கரண்டியால் தொட்டதில்லை. அவள் சட்டியைப் பார்த்து அவன் முகம் சுளித்ததில்லை.

ஒரு கோடையில், போரில் வென்று திரும்பிய அரசனின் படை ஒன்று அந்த வழியாக வந்து வேலமரத்தடியில் இறங்கியது. நெடுநாளாக ஊறவைத்த அவலைத் தின்று நாக்குச் செத்துப்போன வீரர்கள். எதிரே பட்டி நிறைய ஆடுகள். கேட்க வேண்டுமா?

"இன்றைக்குப் படைக்குக் கறி விருந்து. ஆளுக்கு ஓர் ஆட்டைப் பிடியுங்கள்!" என்றான் படைத்தலைவன் வில்லவராயன்.

நாச்சக்காள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். மழை வர இன்னும் வெகுநாள் கிடந்தது. ஆடு போனால் பால் போகும், எரு போகும், பிள்ளைகள் குடிக்கும் கஞ்சி போகும். மழை வந்து எட்டிப்பார்க்கும்போது வேலங்காட்டில் ஆள் இருக்காது.

இளவட்டங்கள் தடியைத் தூக்கினார்கள்.

"கீழ போடுங்கடா," என்றாள். "அவங்க கையில வேல் இருக்கு. இது கையால ஜெயிக்கிற வழக்கு இல்ல."

முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு படைத்தலைவன் முன்னால் போய் நின்றாள். குரலை நடுங்க விடவில்லை.

"ராசாவோட படைக்குக் கறி இல்லேன்னு சொல்ற சனம் இல்லைங்க நாங்க. ஆனா, போற ஊர்ல எப்படி நடக்கணும்னு ராசா உங்களுக்கு ஒண்ணு சொல்லி அனுப்பியிருப்பாரே?"

வில்லவராயன் முகம் சுருங்கியது. அரசன் சொல்லித்தான் அனுப்பியிருந்தான். 'எந்த ஊரில் தங்குகிறாயோ அந்த ஊர் வழக்கத்தை மீறாதே. மீறியவன் என் படையில் இல்லை.'

"என்ன உங்க வழக்கம்? சொல்லித் தொலை, பசிக்கிறது."

"கறி திங்கப் போறவன் தன் ஆட்டைத் தானே தேடிப் பிடிக்கணும். தன் கையால தழை ஊட்டணும். தன் மனசுல நிக்கிற ஒருத்தர் பேரை அதுக்கு வெச்சு, காதுல மூணு தரம் கூப்பிடணும். அப்புறம் தன் கையாலயே அறுக்கணும். கத்தியை அடுத்தவன்கிட்ட தள்ளிவிடக் கூடாது. அவ்வளவுதாங்க."

படையே சிரித்தது. "இதென்ன பெரிய மலையைப் புரட்டுகிற வேலையா!"

நாச்சக்காள் பொய் சொல்லவில்லை. வேலங்காட்டில் பிறந்த ஒவ்வொருவரும் வயது வந்ததும் ஒரு முறை இதற்காகக் கத்தியை எடுத்தாக வேண்டும். அவள் செய்தாள், அழுதுகொண்டே அறுத்தாள், உண்டாள். ஆண்டியப்பன் கத்தியைக் கீழே வைத்தான். அன்றோடு கறியை விட்டான். அறுத்தவளைக் கல்நெஞ்சுக்காரி என்று ஊர் சொல்லவில்லை. விட்டவனைப் பயந்தாங்கொள்ளி என்றும் சொல்லவில்லை. ஒரே பந்தியில்தான் உட்கார வைத்தது.

முதலில் வந்தவன் கூத்தன். தின்பதில் படையிலேயே பேர் வாங்கியவன். கொழுத்த ஆடாகப் பார்த்துப் பிடித்தான். தழை ஊட்டினான். தழை தீர்ந்ததும் ஆடு அவன் விரலை நக்கிற்று. குனிந்தவனின் மீசையையும் ஒரு கடி கடித்துப் பார்த்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவன் அதன் காதருகே, "பேச்சி, பேச்சி, பேச்சி" என்றான். ஆடு தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. கத்தியை எடுத்தவன் அப்படியே நின்றான்.

"என்னடா மரமாட்டம் நிக்கிற?"

"எங்க ஆத்தா பேரைச் சொல்லித் தொலைச்சிட்டேன்டா."

அடுத்தவன் மனைவி பேரைச் சொன்னான், நின்றான். அதற்கடுத்தவன், ஊரில் விட்டு வந்த மகள் பேரைச் சொன்னான், நின்றான். போர்க்களத்தில் கூசாத கைகள் ஒவ்வொன்றாகக் கத்தியைக் கீழே வைத்தன.

வில்லவராயனுக்குக் கோபம் தலைக்கேறியது. "மூடர்களா! பேரை யோசித்து வைக்க வேண்டாமா? இங்கே பாருங்கள்." ஒரு கிடாவைப் பிடித்தான். தழை ஊட்டினான். தான் போரில் தோற்கடித்த பகையரசனின் பேரை அதன் காதில் உரக்கச் சொன்னான். "நஞ்சிராயா! நஞ்சிராயா! நஞ்சிராயா!"

"பலே! பலே!" என்று ஆர்ப்பரித்தது படை. கீழே கிடந்த கத்திகளை நோக்கிக் கைகள் நீண்டன.

நாச்சக்காள் அந்தக் கைகளைப் பார்த்தாள். இந்த வழியைப் பிடித்துக்கொண்டால் பட்டியில் ஓர் ஆடு மிஞ்சாது. ஆனாலும் வாயைத் திறந்தாள்.

"பகையாளி பேரும் மனசுல நிக்கிற பேர்தான். வழக்கத்துல குத்தம் இல்லைங்க, அறுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நஞ்சிராயன் இப்பத்தான் உங்க கையால வாங்கித் தின்னான். பசியோட வந்தவனுக்கு ஊட்டிட்டு, அவன் மென்னு முழுங்கறதுக்குள்ள கழுத்தை அறுத்தவர்னு உங்க குலத்துல யாராச்சும் உண்டா?"

கிடா இன்னும் மென்றுகொண்டிருந்தது. வில்லவராயன் அதைப் பார்த்தான். தன் வீரர்களைப் பார்த்தான். அவர்கள் அவனைப் பார்த்தார்கள்.

"இதை அப்பால் ஓட்டு," என்றான், யாரையும் பார்க்காமல்.

அப்போது, அதுவரை ஒரு வார்த்தை பேசாத, சிரிக்கவும் செய்யாத ஒரு வீரன் முன்னால் வந்தான். ஒல்லியான ஆள். பேர் சாத்தன். கடற்கரையில் மீன் பிடிக்கும் குடியில் பிறந்தவன். ஒரு வயதான கிடாவைத் தேடிப் பிடித்தான். பொறுமையாகத் தழை ஊட்டினான். காதில் ஒரு பேரைச் சொன்னான். யார் பேர் என்று யாருக்கும் கேட்கவில்லை. கழுத்தைத் தடவி, "பொறுத்துக்கோ சாமி" என்றான். கத்தி ஒரே வீச்சில் இறங்கியது. அவன் கன்னத்தில் நீர் இறங்கியது.

"பார்த்தாயா பொம்பளே," என்று சிரித்தான் வில்லவராயன். "உன் தந்திரம் ஒருவனிடம் பலிக்கவில்லை! இவனுக்கு என்ன சாபம் கொடுக்கப் போகிறாய்?"

"தந்திரம்னு நான் எப்பச் சொன்னேன்? வழக்கம்னுதானே சொன்னேன்?" என்றாள் நாச்சக்காள்.

அவளே அம்மியில் மிளகும் கொத்தமல்லியும் அரைத்தாள். அவளே குழம்பு கூட்டினாள். எலும்பையும் தோலையும்கூட வீணாக்கவில்லை. "வா தம்பி, உட்காரு" என்று சாத்தனை அழைத்து முதல் இலையைப் போட்டாள். வேலங்காட்டில் கறி தின்கிறவர்கள் அவனோடு அமர்ந்தார்கள். கத்தியை வைத்தவர்களுக்கு ஆண்டியப்பன் கம்பங்களியும் மோரும் பரிமாறினான். இரண்டும் ஒரே பந்தி.

கூத்தன் களியைப் பிசைந்துகொண்டே கேட்டான்: "ஏக்கா, அறுத்தவனுக்கும் இலை, விட்டவனுக்கும் இலை. அப்ப எங்கள்ல யாரு உசத்தி?"

"மோரு இன்னும் ஒரு வாய் ஊத்திக்கடா. அவன் என்னன்னு தெரிஞ்சு தின்னான். நீ என்னன்னு தெரிஞ்சு விட்டே. கொஞ்ச முந்தி எதுவும் தெரியாம திங்கறதுக்கு ஓடி வந்தீங்களே, அப்பத்தான்டா எனக்கு உங்களைப் பார்க்கப் பயமா இருந்துச்சு."

வெயில் தாழ்ந்ததும் படை புறப்பட்டது. பந்தியில் அவள் சொன்னதைக் கேட்டிருந்த வில்லவராயன் குதிரையில் ஏறவில்லை. பட்டியைத் தாண்டும் வரை நடந்தே போனான். தலைவன் நடந்தால் படையும் நடக்கத்தானே வேண்டும்? நாட்டை வென்ற படை, ஆட்டுப்பட்டிக்கு மரியாதை செய்து கால்நடையாகப் போனதை வேலங்காட்டார் வரிசையாக நின்று பார்த்தார்கள். நாச்சக்காள் நடுவில் நின்றாள். அன்றைக்கு அவள் தலை ஒரு விரற்கடை கூடக் குனியவில்லை.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள், பெரியோர்களே, பிள்ளைகளே: கறி உண்பதால் ஒருவர் தாழ்வதுமில்லை, விடுவதால் உயர்வதுமில்லை, தன் இலையில் விழுவது எது என்று தெரிந்து, தன் மனத்தைக் கேட்டு முடிவெடுப்பவரே உயர்ந்தவர்.