இட்லிக் கொப்பரைக்கு ஏழு வருஷம்

மாஜிஸ்திரேட் பூமிநாதனுக்கு அன்று மூக்குக்கு மேல் கோபம். அந்தக் கோபத்தோடுதான் விடிந்ததும் விடியாததுமாக ஆவுடையம்மாள் வீட்டுக்குப் போய் நின்றார். ஆவுடையம்மாள் செஷன்ஸ் ஜட்ஜாக இருந்து ஓய்வு பெற்றவர். பூமிநாதனுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்த குரு. மலைக்கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு திருட்டுப்பயல். குற்றவாளின்னு தீர்மானிச்சுட்டேன். வீட்டுக்குள்ள புகுந்து திருடினா ஏழு வருஷம் வரைக்கும் போடலாம்னு சட்டம் சொல்லுது. என் அதிகாரமோ மூணு வருஷத்தோட நின்னுபோகுது. அவனுக்கு மூணெல்லாம் பத்தாது. சீஃப் மாஜிஸ்திரேட் ஏழும் போடலாம். நாளைக்கு அவனை மேல அவர்கிட்ட அனுப்பிடட்டுமா?"

"மேல அனுப்புறவன் ஒருதரம் மேல ஏறிப் பார்க்க வேண்டாமா? வா. ஒவ்வொரு மண்டபத்துலயும் கேட்பேன், பதில் சொல்லணும்."

படிகளோ செங்குத்து. பூமிநாதனோ ஐம்பதைத் தாண்டியவர், கோர்ட் கேன்டீன் போண்டாவில் வளர்ந்த தொப்பை வேறு. முதல் மண்டபத்துக்கு வருவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

"எதுக்கு ஏழு?"

"இட்லிக் கொப்பரையைத் தூக்கிட்டுப் போயிட்டாம்மா."

"இட்லியோடவா?"

"ஆமா. அடுப்புலேர்ந்து அப்படியே."

"அடப்பாவி, கை சுட்டிருக்குமே!" என்றபடி அந்த அம்மாள் மேலே நடந்தார்.

இரண்டாவது மண்டபத்தில் பூமிநாதன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பழைய கேடியா?"

"இல்லை, இதுதான் முதல் தடவை. மில்லை மூடினதிலேர்ந்து வேலை இல்லையாம். வீட்டுல கைக்குழந்தை."

"யாரையாவது அடிச்சானா?"

"அடிக்கிறதாவது! ஓடக்கூட இல்லை. தெருமுனையில உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தான். பிடிச்சிட்டாங்க."

"சட்னி இல்லாமலா?"

பூமிநாதனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"ஏழு வருஷத்துல அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்துக்கே போயிடும்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு ஆவுடையம்மாள் மறுபடி ஏறினார்.

உச்சியில் நல்ல காற்று. பூமிநாதன் பொத்தென்று உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார்.

"இப்பச் சொல்லு. எதுக்கு ஏழு?"

பூமிநாதனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கோர்ட்டுல அவனைப் பார்த்து, 'நீ குற்றவாளி'ன்னு கம்பீரமா வாசிச்சேம்மா. வாசிக்கும்போதே நாற்காலிக் கால் உடைஞ்சு நான் மேசைக்கு அடியில போயிட்டேன். அவன் சிரிச்சுட்டான். கூண்டுல நின்னு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான்."

"மத்தவங்க?"

"கிளார்க் ஃபைலால வாயை மூடிக்கிட்டார். டவாலி வெளியே ஓடிப்போய்ச் சிரிச்சான்."

சொல்லும்போதே பூமிநாதனுக்கு உதடு துடித்தது. அப்புறம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. குருவும் சிஷ்யரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

சிரித்து ஓய்ந்ததும் பாழாய்ப்போன கௌரவம் நினைவுக்கு வந்தது. பூமிநாதன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"சரிம்மா, மேல அனுப்பலை. ஆனா என் கையில இருக்கிற மூணு வருஷத்தை முழுசாப் போட்டுடறேன். அதுக்கு எனக்கு அதிகாரம் இருக்குல்ல?"

"தாராளமா இருக்கு. இட்லிக்கு எத்தனை மாசம், சிரிச்சதுக்கு எத்தனை மாசம்னு மட்டும் தீர்ப்புல தனித்தனியா எழுதிடு. அவன் அப்பீல் போனா, மேல் கோர்ட்டுல படிக்கிறவங்களுக்குச் சௌகரியமா இருக்கும்."