இருபத்து நாலு மடங்கு

துப்பாக்கிக்குக் கண் வைப்பதில் மைமூன் பீவியை மிஞ்ச அந்த மலையில் ஆள் கிடையாது. அவள் ஸ்கோப் என்கிற குறிக்கண்ணாடியைப் பூட்டிக் கொடுத்த துப்பாக்கியால் ஒருவர் கொட்டுகிற மழையில் ஒரே ஒரு துளியைச் சுட்டாராம். எந்தத் துளியை என்று கேட்டால் மலைக்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். கேட்காமல் இருப்பதே நல்லது.

அவளிடம் சீடனாகப் போய்ச் சேர்ந்தபோது கோயில்பிள்ளைக்கு ஐம்பத்தாறு வயது. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவர் அவளை வாத்தியாரம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். யாருக்கும் இதில் வருத்தமில்லை.

கோயில்பிள்ளை தேயிலைத் தோட்டத்துக் காவல்காரர். பன்றி விரட்டக் கையில் லைசென்ஸ் துப்பாக்கி உண்டு. அந்த மழைக்காலத்தில் ஒரு சிறுத்தை மனுச ருசி கண்டுவிட்டது. கொழுந்து பறித்துவிட்டுக் கடைசியாகத் திரும்பி வந்துகொண்டிருந்த அவர் மனைவி ஞானப்பூவை, பொழுது சாயும் நேரத்தில் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கூடையும் ஒரு செருப்பும்தான் கிடைத்தன. அன்றைக்குக் கொஞ்சம் வெயில் அடித்ததால் கம்பளியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். அந்தப் பழுப்புக் கம்பளியை மகள் கிருபா அதற்குப் பிறகு தோளிலிருந்து இறக்கவே இல்லை.

சிறுத்தையைச் சுட உத்தரவு வந்தது. சுடுகிற ஆளாகக் கோயில்பிள்ளையைச் சொன்னார்கள். அவர் நேராக மைமூனின் துப்பாக்கி ரிப்பேர்க் கடைக்கு வந்தார்.

"எந்த ஸ்கோப் வாங்கட்டும், வாத்தியாரம்மா?"

"எதைப் பாக்கப் போறீங்க?"

"அந்தச் சிறுத்தையை."

"வேற எதையும் பாக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

அவள் திருகு முடுக்குகிற திருப்புளியை எடுத்து நீட்டினாள்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே வேலைதான். துப்பாக்கியின் முதுகில் இரண்டு வளையங்களை உட்காரவைத்து, நடுவே ஸ்கோப்பைப் படுக்கவைத்து, திருகுகளை முடுக்க வேண்டும். முடுக்கியதும் அவள் குனிந்து பார்ப்பாள்.

"கழட்டுங்க."

கழட்டுவார். மறுபடியும் பூட்டுவார்.

"கழட்டுங்க அண்ணே. ஒரு பக்கத்தை முழுசா முறுக்கிட்டு மறுபக்கம் போறீங்க. ஜீப் சக்கரத்துக்கு நட்டு போடுறவன்கூட மாத்தி மாத்தித்தான் முறுக்குறான்."

"சிறுத்தை எனக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்?"

"தெரியல. திருகு காத்துக்கிட்டு இருக்கு."

வெளியே மழை விடாமல் பெய்தது. தகரக் கூரைக்குக் கீழே அவர் மறுபடியும் கழட்டினார்.

ஒருநாள் அவளே அலமாரியிலிருந்து ஒரு ஸ்கோப்பை எடுத்து வைத்தாள். சின்னது, பழையது. நாலு மடங்கு பெரிதாகக் காட்டும், அவ்வளவுதான்.

"நாலு மடங்கா? என் கண்ணே அவ்வளவு பாக்குமே" என்றார் கோயில்பிள்ளை. "டவுன் கடையில இருபத்து நாலு மடங்கு இருக்குன்னு சொன்னாங்க."

மைமூன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"ஒரு ஜமீன்தார் இருந்தார். சீமையிலேருந்து ஒரு ஸ்கோப் வரவழைச்சார். அதைத் தூக்கவே ரெண்டு ஆளு. காட்டுல ஒரு மானைப் பாத்தார். கொஞ்சம் திருகினார். மானோட காது மட்டும் தெரிஞ்சுது. இன்னும் திருகினார். காதுல ஒரு ஈ. விடுவாரா? இன்னும் திருகினார். ஈயோட கண்ணு தெரிஞ்சுது. அந்தக் கண்ணுக்குள்ள யாரோ ஒருத்தன் துப்பாக்கியோட குப்புறப் படுத்திருந்தான். அவன் பக்கத்துல ஒரு புலி வந்து உக்காந்திருந்துச்சு."

"அப்புறம்?"

"'ஐயோ, யார் பெத்த பிள்ளையோ, பாவம்'னு ஜமீன்தார் உச்சுக் கொட்டினார்."

கோயில்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. ஞானப்பூ போனதிலிருந்து அது வருவதில்லை.

"சரி, கூட வேற என்னென்ன வாங்கணும்? கண்ணாடிக்கு மூடி, மழைக்கு மறைப்பு, சாயாம வைக்க மட்டக் குமிழி, ஊனுறதுக்குக் காலு…"

அவள் எழுந்து, ஆணியில் தொங்கிய தன் வாப்பாவின் பைனாகுலரை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தோல் உரிந்துபோன பழைய சாமான்.

"முதல்ல இது."

"இதைத் துப்பாக்கியில எங்க பூட்டுறது?"

"துப்பாக்கியில இல்ல. கழுத்துல."

"நான் என்ன குருவி பாக்கவா போறேன்?"

அதை மேசையிலேயே விட்டுவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார். அதோடு கடைப்பக்கம் வரவில்லை.

டவுனுக்குப் போய் இருபத்து நாலு மடங்கை வாங்கினார். சின்னப் பீரங்கி மாதிரி இருந்தது. வீட்டில் அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து தானே பூட்டினார். கிருபா துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டாள். முன் வளையத்தை ஒரே மூச்சில் இறுக்கினார். பிறகு பின் வளையம். மாற்றி மாற்றி முறுக்க அவருக்குப் பொறுமை இல்லை. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் வட்டம் நிறையத் தெரிந்தது. ஆகவே ஸ்கோப்பை இன்னும் பின்னால் இழுத்து வைத்தார். காகிதத்தில் ஒரு குண்டு சுட்டுப் பார்த்திருக்கலாம். சத்தம் கேட்டால் சிறுத்தை மலை மாறிவிடும் என்று அதையும் விட்டுவிட்டார்.

"இனி அதோட மீசையை எண்ணலாம்" என்றார் மகளிடம்.

சில நாள் கழித்து, மழை விட்டிருந்த ஒரு காலையில், மைமூன் கடைவாசலில் வந்து நின்றார். தோளில் துப்பாக்கி. கையில் ஒரு துணிப்பை. வலது புருவத்துக்கு மேல் பிறை மாதிரி ஒரு வெட்டுக்காயம். ஸ்கோப்பைக் கண்ணுக்கு ஒட்டிப் பூட்டினால், வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் உதைத்து விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் தூரத்திலிருந்தே கண்டுகொள்கிற காயம் அது. மைமூனின் புருவத்திலும் பழைய பிறை ஒன்று இருந்தது.

"சுட்டிருக்கீங்க" என்றாள்.

"ம்."

"உக்காருங்க."

உட்காரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"முந்தாநாள் சாயங்காலம். ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டுல உக்காந்திருந்தேன். மூடுபனி எறங்கிட்டுது. கீழ செடிச் சந்துல என்னமோ அசைஞ்சுது. என்னன்னு பாக்கலாம்னு ஸ்கோப்பை வெச்சேன்."

"பாக்கலாம்னு."

"ஆமா. வட்டம் முழுக்கப் பழுப்பு. வேற ஒண்ணுமே இல்ல. ஒவ்வொரு மயிரா தெரிஞ்சுது, வாத்தியாரம்மா. ஒவ்வொரு மயிரா."

பையிலிருந்து கம்பளியை எடுத்து மேசைமேல் விரித்தார். ஓரத்தில் ஒரு ஓட்டை. மைமூன் தன் சுண்டுவிரலை அதற்குள் விட்டுப் பார்த்தாள். விரல் சரியாக நுழைந்தது.

"பிள்ளை?" என்று கேட்டாள்.

"இருக்கா. எனக்குக் காப்பி எடுத்துக்கிட்டு வந்திருக்கா. குளிருதேன்னு அவ அம்மா கம்பளியைப் போத்திக்கிட்டு."

"பேசுறாளா?"

"அவ அத்தை வீட்டுக்குப் போயிட்டா. கம்பளியை மட்டும் படிக்கட்டுல போட்டுட்டுப் போயிட்டா."

மைமூன் அவர் தோளிலிருந்து துப்பாக்கியை இறக்கி, குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மேசையில் கிடத்தினாள். ஒற்றைக் கண்ணால் ஸ்கோப்பை மேலிருந்து பார்த்தாள்.

"பின் வளையம் இடப்பக்கம் இழுத்திருக்கு. ஒரு சாண் இடது தள்ளித்தான் குண்டு போயிருக்கும்."

அப்போதுதான் கோயில்பிள்ளை சிரித்தார். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

"பாத்தீங்களா? நீங்க சொல்லிக் குடுத்ததை ஒழுங்கா கத்துக்கிட்டிருந்தா இந்நேரம் என் பிள்ளையைப் பொதைச்சிருப்பேன்."

மைமூன் திருப்புளியை எடுத்தாள். இருபத்து நாலு மடங்கைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி ஒதுக்கினாள். வளையங்களைத் துடைத்தாள். அந்தப் பழைய நாலு மடங்கை எடுத்துப் படுக்கவைத்தாள்.

"வேண்டாம்மா. கோணலாவே இருக்கட்டும்."

அவள் ஒரு திருகைக் கொஞ்சம் முறுக்கினாள். எதிர்த் திருகைக் கொஞ்சம் முறுக்கினாள்.

"கோணலா இருந்ததாலதான் அவ உசுரோட இருக்கா. கேக்குதா உங்களுக்கு?" என்றார் அவர்.

மறுபடி முதல் திருகு. மறுபடி எதிர்த் திருகு. துப்பாக்கியைத் தோளில் வைத்து, கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே தன் நாலு விரலை வைத்து அளந்தாள். பிறகு எழுந்து கடைக்குப் பின்னால் போனாள். மண்மேட்டில் காகிதம் ஒட்டிய பலகை ஒன்று எப்போதும் நிற்கும்.

அவள் சுட்டு, திருத்தி, மறுபடி சுட்டாள். ஒவ்வொரு வெடிக்கும் கோயில்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டார். சத்தம் பள்ளத்தாக்கில் உருண்டு, எதிர்மலையில் முட்டித் திரும்பி வந்தது.

காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். நட்டநடுவில் கிழிந்திருந்தது.

"இப்ப நேரா போகும்."

அவர் துப்பாக்கியை வாங்கிக்கொள்ளவில்லை. அது அவள் கையிலேயே இருந்தது.

"நேத்து ராத்திரி சிறுத்தை தொழிலாளிங்க லயத்துக்குள்ளயே வந்துட்டுது" என்றார் மெதுவாக. "கதவைப் பிறாண்டியிருக்கு. உள்ள குழந்தைகுட்டிங்க. போகாம இருக்க முடியாது. போகவும் எனக்குக் கை வரல."

மைமூன் கடைக்குள் போய் வந்தாள். வாப்பாவின் பைனாகுலரை அவர் கழுத்தில் மாட்டினாள். இந்தத் தடவை அவர் குருவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"பாருங்க."

எடுத்துக் கண்ணில் வைத்தார். பனி கலைந்துகொண்டிருந்தது. எதிர்ச்சரிவில் தேயிலைச் செடிகள், ஒற்றையடிப் பாதை, ஒரு பலாமரம். மரத்தடியில் பழுப்பாக ஏதோ அசைந்தது. அவருடைய வலதுகைச் சுட்டுவிரல் தானாக மடங்கியது. மடங்கின இடத்தில் அதற்கு ஒன்றும் அகப்படவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பழுப்பு நிமிர்ந்தது. தலையில் சாக்கைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு யாரோ ஒரு கிழவர் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்.

வெகுநேரம் கழித்துத்தான் கோயில்பிள்ளை பைனாகுலரை இறக்கினார். கண் நனைந்திருந்தது. கண்ணைத் துடைக்கப் போன கை புருவக் காயத்தில் பட்டு எரிந்தது.

"அப்ப ஸ்கோப்புல எப்பம்மா பாக்குறது?"

மைமூன் துப்பாக்கியை அவர் கையில் வைத்தாள்.

"பாத்து முடிச்சப்புறம், அண்ணே."