போட்ட காசு திரும்பி வரும் படிப்பு

எங்க அம்மாவுடன் பிறந்த அண்ணன் தம்பி மூணு பேர். மூணு பேருக்கும் சேர்த்து ஒரே மூளை. அன்றைக்கு அதை யாரும் எடுத்து வரவில்லை.

எனக்குக் கெமிஸ்ட்ரியில் இடம் கிடைத்திருந்தது. ஃபீஸ் கட்டக் கடைசி நாள் அது. மூணு மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். பணம் பெரிய மாமா சங்கிலிமுத்துவின் பையில்.

காலேஜ் வாசலில் ஜெராக்ஸ் கடைக்காரர் சும்மா இருந்திருக்கலாம். "அண்ணாச்சி, போட்ட காசு எந்தப் படிப்புல சீக்கிரம் திரும்பி வருதுன்னு பாத்துச் சேருங்க" என்றார்.

மாமாக்கள் பார்க்கக் கிளம்பினார்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் கவுண்டரில் ஒரு ஐநூறு ரூபாயை நீட்டிவிட்டு, பெரிய மாமா கையை மடக்காமல் நின்றார்.

"என்னய்யா வேணும்?"

"திரும்பி வருதான்னு பாக்கோம்."

பெரிய சண்டைக்கப்புறம்தான் வந்தது. "இழுவைப் படிப்பு" என்றார் சின்ன மாமா உலகநாதன்.

தமிழ்க் கவுண்டரில் ஆளே இல்லை. வைத்த நோட்டு வைத்தபடி கிடந்தது.

"போகவே இல்லையே, எப்படிண்ணே திரும்பி வரும்?"

"நட்டமும் இல்லைல்லா லே?"

இதை வேப்பமரத்தடியில் வெகுநேரம் பேசினார்கள்.

கேன்டீனில் டீ குடித்தபோது மீதிச் சில்லறை உடனே வந்தது. என்னைக் கேன்டீனிலேயே சேர்த்துவிடலாம் என்றார் நடு மாமா ஒண்டிவீரன்.

"மாமா, கெமிஸ்ட்ரி கவுண்டர் அந்தா இருக்கு. கட்டித் தொலைங்க!"

"பொறு பிள்ள. உன் எதிர்காலம்லா?"

அப்போதுதான் பக்கத்தில் பேங்க்கின் பணம் போடும் மெஷினைப் பார்த்தார்கள். பெரிய மாமா தன் கார்டைச் சொருகி, நோட்டுக்கட்டை ரப்பர் பேண்டோடு உள்ளே வைத்தார். மெஷின் உறுமியது. கட்டை அப்படியே வெளியே தள்ளியது. கூடவே ஒரு சீட்டு.

மூணு பேரும் மெஷினைக் கும்பிட்டார்கள்.

"சீட்டுல என்னம்மா போட்டிருக்கு?"

"ஏற்கப்படவில்லைன்னு போட்டிருக்கு."

"தேதி இருக்கா?"

"இருக்கு."

"பேங்க் பேரு?"

"இருக்கு."

"அப்போ பட்டம்தான்."

கெமிஸ்ட்ரி கவுண்டரின் ஷட்டர் கடகடவென்று இறங்கியது.

"மாமா, மூடிட்டாங்க!"

"நீ ஏன் பதறுத? நீதான் படிச்சு முடிச்சிட்டியே." பெரிய மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம குடும்பத்துல மொத பட்டதாரி!"

பிறகு கட்டை மறுபடியும் மெஷினுக்குள் வைத்துக்கொண்டே திரும்பினார்.

"ஏலே உலகநாதா, நீ அஞ்சாப்போட நிறுத்துனவன்தானே? வா இங்க."

சின்ன மாமா தலையைச் சீவிக்கொண்டு, சட்டைப் பித்தானையெல்லாம் போட்டுக்கொண்டு, மெஷின் முன்னால் போய்க் கைகட்டி நின்றார்.