கேட்டில் தொங்காத பால் பை

இந்தக் கதையில் திருடன் இல்லை, கெட்டவன்கூட இல்லை. ஆனாலும் ஒருத்தி ஏமாந்து போனாள். ஏமாற்றியது யார் என்று கடைசியில் கேட்பேன். காதைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

சங்கரன்கோவிலில் ஆவுடையம்மாள் என்று ஒருத்தி. சின்ன வயதில் வந்த போலியோவில் இரண்டு காலும் சூம்பிப் போனவள். சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஒரு பத்திர எழுத்தருக்கு டைப் அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறாள். அம்மா இறந்த பிறகு, சென்னையில் இருக்கும் அண்ணன் சுடலைமுத்து தன் வீட்டுக்கு வரச்சொன்னான். அங்கே போனால் ஒரு மூலை கிடைக்கும், வேளாவேளைக்குச் சோறு கிடைக்கும். தன் கதவைத் தானே தாழ்போட்டுக்கொள்ளும் உரிமை மட்டும் கிடைக்காது. அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"நான் இங்கயே இருக்கேன். என்னைக்காவது விழுந்து கெடந்து, தெருவுல ஒருத்தரும் எட்டிப் பாக்கலைன்னா, நானே ஒனக்கு போன் போட்டு வரச்சொல்லுதேன். எதுத்துப் பேசாம கார்ல ஏறுதேன்" என்று வாக்குக் கொடுத்தாள். அண்ணனும் சம்மதித்தான்.

தெருக்காரர்கள் கூடி வாசற்படியை இடித்துச் சாய்தளம் போட்டுக் கொடுத்தார்கள். ஓர் ஏற்பாடும் செய்துகொண்டார்கள். விடியற்காலையில் பால்காரர் பாக்கெட்டைப் பையில் போட்டு கேட்டில் மாட்டிவிட்டுப் போவார். எழுந்ததும் ஆவுடை அதை எடுத்துக்கொள்வாள். ஏழு மணிக்கும் பை தொங்கினால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அதைப் பார்க்கும் பொறுப்பு எதிர்வீட்டு ஞானதுரை அண்ணாச்சிக்கு. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், நேரம் தவறமாட்டார். மாற்றுச் சாவி பக்கத்து வீட்டு மரகதத்திடம். ஆவுடையை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துப் பத்து வருஷம் பள்ளிக்குத் தள்ளிக்கொண்டு போனவள் அவள்.

"ஆபத்துன்னு ஒனக்குத் தோணுச்சுன்னா யாரையும் கேக்காம தெறட்டி" என்று சொல்லித்தான் ஆவுடை சாவியைக் கொடுத்தாள்.

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் குளியலறையில் நாற்காலி வழுக்கி ஆவுடை விழுந்தாள். போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. இடுப்பு வலியில் உயிர் போனாலும் அவள் பயப்படவில்லை. பை தொங்குகிறது, ஏழு மணிக்கு ஆள் வந்துவிடும் என்று ஈரத்தரையில் காத்துக் கிடந்தாள்.

ஏழாயிற்று, எட்டாயிற்று. ஒருவரும் வரவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். எதிரே ஞானதுரை ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டார்களே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. ஒன்பது மணிக்கு ஹாலில் போன் அடித்தது, மறுபடியும் அடித்தது, நின்றது. அதற்குப் பிறகும் யாரும் வரவில்லை.

நடந்தது இதுதான். ஆறரை மணிக்கு ஒரு நாய் பையை இழுக்கப் பார்த்தது. மூன்றாவது வீட்டு ஜமீலா அக்கா ஓடிவந்து அதை விரட்டி, பாலைத் தன் வீட்டு பிரிட்ஜில் வைத்தாள். ஆவுடை எழுந்ததும் கொடுக்கலாம் என்று நினைத்தவள், மகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் மறந்தே போனாள். ஏழு மணிக்கு ஞானதுரை பார்த்தார், பை இல்லை. எடுத்துவிட்டாள் என்று நிம்மதியாகத் தென்காசிக்குக் கிளம்பிவிட்டார். மரகதத்துக்கு மட்டும் உறுத்தியது. ஆவுடை வீட்டில் அன்றைக்கு ரேடியோ பாடவில்லை. இரண்டு தடவை போன் அடித்தும் எடுக்கவில்லை என்றதும், சாவியோடு அவள் வாசலுக்கு வந்தாள். வந்தவள் அங்கேயே நின்று சென்னைக்குப் போன் போட்டாள். திரும்பத் திரும்ப அடித்தும் சுடலைமுத்து அதை எடுக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"அண்ணே, ஆவுடை போன எடுக்க மாட்டேங்கா. உள்ள விழுந்து கிழுந்து கெடக்காளோன்னு பயமா இருக்கு. தெறக்கட்டுமா?"

"தெற. நான் கார் எடுத்துட்டு வாரேன்."

பிறகுதான் கதவு திறந்தது. மரகதம்தான் அவளைத் தூக்கினாள், துடைத்துவிட்டாள், ஓவென்று அழவும் செய்தாள்.

"எங்கண்ணனை ஏன்ட்டி கேட்ட?" என்றாள் ஆவுடை.

"வீட்டு ஆம்பளை அவருதானட்டி. நாளைக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாதுல்ல?"

அன்று மாலை அண்ணனின் கார் மதுரையைத் தாண்டிவிட்டது. இப்போது நீங்கள் சொல்லுங்கள். பையை எடுத்த ஜமீலா, பையை மட்டும் பார்த்த ஞானதுரை, கதவைத் திறந்த மரகதம். இவர்களில் ஆவுடைக்குத் துரோகம் செய்தது யார்? அந்தக் காரில் அவள் ஏறத்தான் வேண்டுமா?

விடை: துரோகம் செய்தது அவளைக் காப்பாற்றிய மரகதம்தான். ஜமீலா மறந்தாள், மறதி யாருக்கும் வரும். ஞானதுரை சொன்னதை மட்டும் செய்தார். நாளையிலிருந்து ஒரு குரல் கொடுத்தும் பார்த்தால் போதும். மரகதத்துக்கோ ஆபத்து என்று தெரிந்திருந்தது, சாவியும் கையில் இருந்தது. ஆவுடையின் வீட்டைத் திறக்க ஆவுடை சொன்ன சொல் போதாது என்று அவள் நினைத்தாள். காரில் ஏறவேண்டியதில்லை. தாமதமானாலும் மரகதம் வந்ததில் தெரு எட்டிப் பார்த்துவிட்டது, அண்ணனைக் கூப்பிட்டவளும் ஆவுடை இல்லை. ஆவுடை இதை அவனிடம் தெளிவாகச் சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவைத்தாள். மரகதத்திடம் சாவியைத் திரும்பக் கேட்டபோதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது: "தெருவே வராட்டியும் நீ வந்துருவேன்னுதான்ட்டி படுத்துக் கெடந்தேன்."